மாடல் ரயில் லேஅவுட்டில் தண்ணீர்: கெடிலம் முதல் புதுச்சேரிக் கடல் வரை

மாடல் ரயில் ஓடும் லேஅவுட்டில், அதாவது பலகைமேல் அமைக்கும் சிறு நிலக்காட்சியில், ஆறு செய்ய உட்காருபவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது நீலப் பெயிண்ட். ஆறு கெடுவது அங்கேதான். கடலூரில் கெடிலம் ஆற்றுப் பாலத்தில் நின்று கீழே பாருங்கள். வெளுத்த மணல் திட்டு, அதை ஒட்டி ஈர மணலின் கரும்பழுப்பு, பிறகு கணுக்கால் அளவுத் தண்ணீரில் அடிமணல் தெரிகிற மஞ்சள் பழுப்பு, நடு ஓடையில் மட்டும் பாசிப்பச்சை. நீலம் வானத்தினுடையது, சாய்வாகப் பார்க்கும்போதுதான் தண்ணீர்மேல் படியும். லேஅவுட்டில் மேற்பரப்பு பளபளப்பாக அமைந்துவிட்டால், பின்திரையில் வரைந்த வானமும் அறை விளக்கும் தாமாகவே அதில் விழும். அதைத் தனியாகத் தீட்ட வேண்டியதில்லை.

ஆகவே முக்கால் பங்கு வேலை, தண்ணீராக ஊற்றி இறுகவிடும் ரெசின் என்ற பிசின் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். கண் ஆழம் என்று நம்புவது அடியில் பூசிய நிறத்தை. மேலே ஊற்றும் ரெசின் ஈரத்தைக் கொடுக்கிறது, அவ்வளவே. அதற்கு 2 முதல் 3 மி.மீ. போதும். 20 மி.மீ. ஊற்றினால் ஆழம் கூடாது. செலவும் சூடும் விரிசலும்தான் கூடும்.

எந்த ஆறு, எந்த மாதம்

விழுப்புரத்திலிருந்து கடலூர் வரும் பாதை தென்பெண்ணையையும் கெடிலத்தையும் தாண்டுகிறது. கடலூரிலிருந்து தெற்கே போனால் வெள்ளாறும் கொள்ளிடமும் வரும். நான்குமே மணலாறுகள். ஏப்ரலில் மணல்தான் ஆறு, தண்ணீர் அதில் ஒரு கோடு. ஜனவரியில் ஓடை ஓடையாகப் பிரிந்து ஓடும். வெள்ளத்தில் கரை தொட்டுக் கரை தொட்டுச் செம்பழுப்பாகப் போகும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பிறகு தென்பெண்ணையில் வந்த வெள்ளத்தின் படங்களைப் பார்த்தால் அந்த நிறம் தெளிவாகத் தெரியும். மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள். கரைப் புல்லின் நிறம், மணலின் அளவு, பாலத் தூணில் ஈரக்கறையின் உயரம் எல்லாம் அதை வைத்துத்தான். முதல் முறை செய்பவர்களுக்கு ஜனவரி ஆறு நல்லது. கோடை ஆற்றில் தண்ணீர் குறைவு என்பதால் எளிது என்று தோன்றும். ஆனால் அதில் மணல் முழுக்கக் கண்ணுக்கு முன்னே கிடக்கும், ஒரு பிழையும் ஒளியாது.

அளவு விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும். மாடல் ரயில்களில் எச்ஓ என்ற அளவு 1:87, அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு. 500 மீட்டர் அகல ஆறு அதில் 5.75 மீட்டர் ஆகிவிடும், எந்த வீட்டு அறையிலும் அடங்காது. தென்பெண்ணையை முழுதாகச் செய்ய முயலாதீர்கள். 60 அடி இரும்புக் கர்டர் ஒன்று, அதாவது பாலத்தின் ஒரு கண், எச்ஓவில் 21 செ.மீ.; மூன்று கண் வைத்தால் 63 செ.மீ. அகலத்தில் ஆற்றின் ஒரு துண்டு கிடைக்கும். மறுகரையைத் தோப்புக்குப் பின்னால் மறைத்துவிட்டால் கண் மிச்சத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். தண்டவாளத்துக்கும் தண்ணீருக்கும் இடையே நிஜத்தில் 6 மீட்டர் என்றால் லேஅவுட்டில் 7 செ.மீ. பள்ளம் வேண்டும். பழைய மீட்டர்கேஜ் காலத்தைச் செய்கிறவர்கள் 12 மி.மீ. இடைவெளித் தண்டவாளம் போடுவார்கள். தண்ணீர்க் கணக்கு அவர்களுக்கும் இதேதான்.

அடித்தளம்

ஆற்றுப் படுகைக்கு 12 மி.மீ. பிளைவுட், தண்ணீர் தாங்கும் ரகம். ரெசின் தானே மட்டம் தேடும் பொருள். பலகை 1 மீட்டரில் 3 மி.மீ. சாய்ந்தாலும் ஒரு முனை மேடாக வறண்டு, மறுமுனை குளமாகிவிடும். ரசமட்டம் வைத்து நீளவாக்கிலும் குறுக்கிலும் பாருங்கள். ஊற்றப்போகும் நாளில் மறுபடியும் பாருங்கள், ஏனென்றால் மேசைக் கால்கள் அசைந்திருக்கும்.

கரைச் சரிவுகளைத் தெர்மோகோல் துண்டுகளால் கட்டி, மேலே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் 2 பங்கு, தண்ணீர் 1 பங்கு கலந்து 4 மி.மீ. கனத்துக்குப் பூசலாம். கலக்கும்போதே கொஞ்சம் காவித் தூள் சேர்த்துக்கொண்டால், பின்னால் எங்காவது பெயர்ந்தாலும் வெள்ளையாகப் பல்லிளிக்காது. காய்வதற்கு நம் கடற்கரைக் காற்றில் நான்கு நாளாவது வேண்டும். புறங்கையை வைத்துப் பாருங்கள்: சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இன்னும் இருக்கிறது. அந்த ஈரம்தான் பிறகு ரெசினுக்கு அடியில் பால்போல் வெளுத்துக் கிளம்பும்.

மணல் எடுப்பதில் மூன்று எச்சரிக்கை. முதலாவது, தேவனாம்பட்டினம் கடற்கரையிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளிவந்தால் அதில் உப்பு இருக்கும். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பெயிண்ட் உரியும், மேலே வெள்ளை பூக்கும். குடிநீரில் நான்கு முறை அலசி, இரும்புச் சட்டியில் வறுத்துவிடுங்கள். இரண்டாவது, கரையோர மணலில் காந்தம் இழுக்கும் கறுப்புத் துகள்கள் கலந்திருக்கும். அவை இஞ்சின் மோட்டாருக்குள் போனால் எடுக்கவே முடியாது. ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி மணலுக்குள் பலமுறை ஓட்டுங்கள். ஒட்டியதைக் கவரோடு கழற்றி எறியுங்கள். மூன்றாவது, பருமன். அரை மி.மீ. மணல் குருணை எச்ஓவில் 4 செ.மீ. கூழாங்கல்லாகத் தெரியும். ஆற்று மணல் மாதிரி வேண்டுமானால் மணலையே போடக் கூடாது. ஏரி வண்டலைக் காயவைத்து இடித்து, டீ வடிகட்டியில் ஒரு முறை, நைலான் துணியில் ஒரு முறை சலித்து, துணிக்குக் கீழே விழும் மாவை மட்டும் எடுங்கள். அதைத் தூவி, முதலில் சோப்பு கலந்த தண்ணீரை மெல்லத் தெளித்து, பிறகு ஃபெவிகால் 1 பங்குக்குத் தண்ணீர் 1 பங்கு கலந்து சொட்டுச் சொட்டாக விட்டால் கல்போலப் பிடிக்கும்.

நிறம்

அக்ரிலிக் பெயிண்ட் மட்டும். ஆயில் பெயிண்ட் மேலே காய்ந்ததுபோல் இருந்தாலும் அடியில் வாரக்கணக்கில் பசையாக இருக்கும். ரெசின் அங்கே ஒட்டாமல் மீன்கண்போல் வட்ட வட்டமாக விலகும்.

மூன்று கலவை தயாரித்து வையுங்கள். ஓரத்துக்கு ரா சியன்னா (மஞ்சள் பழுப்பு) 2 பங்கு, வெள்ளை 1 பங்கு, பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு) ஒரு தொடல். இடைப்பகுதிக்கு ரா அம்பர் (பச்சை கலந்த பழுப்பு), அதில் சிறிது சாப் கிரீன் (பாசிப்பச்சை). ஆழத்துக்கு சாப் கிரீன் 2, பர்ன்ட் அம்பர் 1, கறுப்பு கால் பங்கு. ஒன்று காய்வதற்குள் அடுத்ததைப் பூசி, ஒரு இன்ச் தட்டைத் தூரிகையால் ஓட்டத்தின் திசையிலேயே இழுத்து இழுத்துக் கலக்க வேண்டும். குறுக்கே இழுத்தால் ஆறு நின்றுவிட்டதுபோல் இருக்கும்.

ஆழ நிறத்தை நடுவில் நேர்கோடாகப் போடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. ஆறு வளையும் இடத்தில் வெளிக்கரை அரிபட்டு ஆழமாகும், உட்கரையில் மணல் திட்டு சேரும். ஆகவே ஆழ நிறம் ஒரு வளைவில் இடக்கரையை ஒட்டி, அடுத்த வளைவில் வலக்கரையை ஒட்டிப் போக வேண்டும். பாலத் தூணின் முன்னும் பக்கமும் தண்ணீர் சுழன்று குழி பறிக்கும். அங்கே ஆழ நிறம். தூணுக்குப் பின்னால் வால்போல் மணல் படியும். அங்கே ஓர நிறம்.

பெயிண்ட் காய்ந்ததும் ஒரு தூரிகை நிறையச் சாதாரணத் தண்ணீரைத் தடவிப் பாருங்கள். ரெசின் ஊற்றினால் நிறம் எப்படிக் கறுக்குமோ அப்படியே காட்டும். திருத்தம் எல்லாம் அப்போதே செய்யலாம். பிறகு 48 மணி நேரம் காயவிட வேண்டும்.

வெள்ளக்கால ஆற்றுக்கு இவ்வளவும் வேண்டாம். பால் அதிகம் விட்ட டீ நிறத்தில் ஒரே பூச்சு. கலங்கல் தண்ணீரில் அடி தெரியாது. அங்கே உழைப்பெல்லாம் மேற்பரப்பின் சுழியிலும், மிதந்துவரும் மட்டை, வாழைத்தண்டு, கட்டைகளிலும் போகும்.

அடைப்பு

ரெசின் ஊசித்துளை வழியாகக்கூட இறங்கும்; இரவு ஊற்றினால் காலையில் தரையில் பளிங்குபோல் கிடக்கும். படுகை முழுவதும் நீர்த்த ஃபெவிகால் இரண்டு பூச்சு, ஒவ்வொன்றும் வெள்ளை மறைந்து கண்ணாடியாகும்வரை. லேஅவுட் ஓரத்தில் ஆறு முடியும் இடத்தில் அக்ரிலிக் பட்டை ஒன்றைத் தடுப்பாக நிறுத்துங்கள். அதன் உட்பக்கம் முழுக்கப் பிரவுன் பேக்கிங் டேப் ஒட்டிவிட்டால் ரெசின் அதில் பிடிக்காது, தடுப்பைப் பிறகு உரித்து எடுத்துவிடலாம். தடுப்பின் வெளிவிளிம்பைச் சூடான குளூ கன்னால் அடையுங்கள். ஒயர், தண்டவாளக் கிளையை மாற்றும் பாயிண்ட் மோட்டார் எதுவும் ஆற்றுக்கு அடியில் இருந்தால் மேலே ஒரு பிளாஸ்டிக் தாள். தண்டவாளத்துக்கு மாஸ்கிங் டேப்.

கோரை நடுவது எப்போது என்பதில் இரண்டு வழி உண்டு. கோரை 1 மீட்டர் முதல் ஒன்றரை மீட்டர் வரை வளரும். எச்ஓவில் 12 முதல் 17 மி.மீ. சணலையோ பெயிண்ட் பிரஷ் மயிரையோ அந்த அளவுக்கு நறுக்கி, ஊற்றுவதற்கு முன்பே நட்டால் வேர்ப்பகுதி இயல்பாக இருக்கும். ஆனால் நார் ரெசினை உறிஞ்சி நுனிவரை கறுத்துவிடும். அடியை ஃபெவிகாலில் தோய்த்துக் காயவைத்து நட்டால் இந்த உறிஞ்சல் நின்றுவிடும். அல்லது ரெசின் இறுகிய பிறகு 1 மி.மீ. துளையிட்டு நடுங்கள். நெருக்கமான புதருக்கு முதல் வழி, தனித்தனிக் கொத்துக்கு இரண்டாவது.

ரெசின்

வாங்குவது எப்பாக்ஸியாக இருக்கட்டும்: ரெசின் ஒரு டப்பா, அதை இறுகவைக்கும் ஹார்ட்னர் ஒரு டப்பா என இரண்டாக வரும். கடலூர் துறைமுகப் பக்கம் ஃபைபர் படகு பழுதுபார்ப்பவர்கள் பயன்படுத்தும் ரெசின் பாலியெஸ்டர். மலிவாகக் கிடைக்கும், ஆனால் தெர்மோகோலைக் கரைத்துக் குழியாக்கிவிடும், நாற்றம் வீட்டில் நாள்கணக்கில் நிற்கும். அதை இறுகவைக்க அதோடு வரும் கோபால்ட், கேட்டலிஸ்ட் என்ற இரண்டு திரவங்களையும் தவறிப்போய் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். வீட்டு வேலைக்கு அது வேண்டாம்.

காலநிலைதான் நம் ஊரில் முதல் எதிரி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஊற்றவே வேண்டாம். காற்றில் ஈரம் மிகுந்தால் எப்பாக்ஸியின் ஹார்ட்னர் அந்த ஈரத்தோடும் காற்றிலுள்ள கரியமில வாயுவோடும் சேர்ந்து, மேலே மெழுகுபோல் பிசுபிசுப்பான படலமாகிவிடும். ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை நல்ல காலம். காலை 10 மணிவாக்கில் ஊற்றுங்கள்: விடியற்காலை ஈரம் வடிந்திருக்கும், மாலைக்குள் ரெசின் ஓரளவு இறுகிவிடும், இரவு ஈரம் அதைத் தொடாது. ஏசி அறை இருந்தால் 26 டிகிரியில் டிரை மோடில் ஓடவிட்டுக் கதவைச் சாத்திவிடுங்கள். பருவக் கவலை பாதி போகும். மே மாதத்தில் சிக்கல் வேறு. வெப்பம் 10 டிகிரி கூடினால் கலவை கைக்குள் நிற்கும் நேரம் ஏறக்குறைய பாதியாகும். 25 டிகிரியில் 40 நிமிடம் நிற்பது 35-இல் 20 நிமிடம்தான்.

அளவு இப்படிப் பாருங்கள். ஓடை 60 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம், சராசரி 2 மி.மீ. ஆழம் என்றால் 180 மி.லி. எப்பாக்ஸி தண்ணீரைவிடச் சற்றுக் கனம், மி.லி.க்குச் சுமார் 1.1 கிராம், ஆக 200 கிராம். கப்பில் ஒட்டுவதையும் சேர்த்து 210 கிராம் கலக்கலாம். எடைக்கு 2:1 வகை என்றால் ரெசின் 140, ஹார்ட்னர் 70. விகிதம் எடைக்கா கொள்ளளவுக்கா என்பதை லேபிளில் பார்த்துவிடுங்கள். இரண்டும் ஒன்றல்ல, மாறிப்போனால் ரெசின் ஒருநாளும் இறுகாமல் பாகாகவே கிடக்கும். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்ட்னரைக் கூட்டுவதும் அதே கதிக்குத்தான் கொண்டுபோகும். கண்ணளவு வேண்டாம், கிராம் தராசு வேண்டும்.

நான்கு நிமிடம் மெதுவாகக் கலக்குங்கள். முட்டை அடிப்பதுபோல் அடித்தால் குமிழி நிறைந்துவிடும். பக்கத்தையும் அடியையும் குச்சியால் வழித்து, இன்னொரு சுத்தமான கப்புக்கு மாற்றி மேலும் ஒரு நிமிடம். இந்த இரண்டாவது கப்பை விட்டுவிடுபவர்களுக்குத்தான் ஆற்றின் நடுவில் அங்கங்கே இறுகாத ஒட்டுப் புள்ளிகள் வரும்; முதல் கப்பின் ஓரத்தில் கலக்காமல் நின்ற ரெசின் அது.

முதலில் ஊற்றாதீர்கள், பூசுங்கள். தூரிகையால் அரை மி.மீ.க்குப் படுகை முழுவதும் தடவி நான்கைந்து மணி நேரம் விடுங்கள். மணலுக்குள்ளும் பிளாஸ்டருக்குள்ளும் இருக்கும் காற்று இந்தப் பூச்சிலேயே வெளியேறிவிடும். தொட்டால் விரல் ஒட்டி, ஆனால் கையோடு வராத பதத்தில் அடுத்த கலவையை ஊற்றினால் இரண்டும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பதம் தவறி முழுதாக இறுகிவிட்டால் 220 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, துடைத்துவிட்டு ஊற்றுங்கள். கீறல்கள் அடுத்த அடுக்கில் மறைந்துபோகும். ஒரு முறைக்கு 3 மி.மீ.க்கு மேல் வேண்டாம். அடுக்குகளுக்கு நிறம் சேர்ப்பதானால் எப்பாக்ஸிக்கென்றே விற்கும் நிறமியைப் பல்குச்சி நுனியால் தொட்டு 100 மி.லி.க்குக் கலக்குங்கள். அது போதும்.

ஊற்றிய பத்து நிமிடத்தில் குமிழிகள் மேலே வரும். ஹீட் கன்னை ஒரு சாண் உயரத்தில் பிடித்து, ஓரிடத்திலும் நிற்காமல் ஓட்டினால் பட்பட்டென்று உடையும். தெர்மோகோல் கரையும் பிளாஸ்டிக் பாலமும் அருகில் இருந்தால் அங்கே சூடு வேண்டாம், ஊசியால் குத்துங்கள். பிறகு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து மூடி, அறை விளக்கை அணைத்துவிடுங்கள். விளக்கு எரிந்தால் பூச்சி வரும், வந்தது ரெசினில் மாட்டிக்கொள்ளும். வேலை முழுவதும் நைட்ரைல் கையுறை அவசியம். ஹார்ட்னர் தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் ஒவ்வாமை வந்துவிடும், வந்தால் போகாது.

கெட்டுப்போனால்

பிசுபிசுப்பான படலம் வந்தால் வெதுவெதுப்பான தண்ணீரும் மெல்லிய ஸ்கிரப்பரும் போதும். அது தண்ணீரில் கரையும். கழுவிக் காயவைத்து அடுத்த பூச்சைப் பூசலாம். மூன்று நாளாகியும் இறுகாத இடத்தை ஸ்கிராப்பரால் வழித்தெடுப்பதைத் தவிர வழியில்லை. அதன்மேல் ஊற்றினால் மூடி மறையும், இறுகாது. கப்பிலேயே புகைவர ஆரம்பித்தால் ஊற்றாதீர்கள், வெளியே மண்ணில் வைத்துவிடுங்கள். ஒரே கப்பில் நிறையக் கலந்து நேரம் கடத்தியதால் வரும் சூடு அது.

கரையில் ரெசின் 2 மி.மீ. ஏறிப் பளபளவென்று ஒரு கோடு தெரிவது எல்லோருக்கும் நடக்கும். திரவம் கரையைப் பிடித்து ஏறுவது இயல்பு. அந்தக் கோட்டில் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் பூசி, ஈரமாக இருக்கும்போதே சலித்த வண்டலைத் தூவுங்கள். ஆனால் முழுதாக மூடிவிடாதீர்கள். தண்ணீரை ஒட்டி ஒரு மி.மீ. அகலத்துக்கு ஈர மணலின் கருமை இருக்க வேண்டும், அதற்கு மேலேதான் வெளுப்பு. இந்த மெல்லிய கருங்கோடு இல்லாத ஆறு, மணல்மேல் கண்ணாடித் தாள் வைத்ததுபோல் இருக்கும்.

அலை

ஆற்றில் 5 செ.மீ. உயரச் சிற்றலை எச்ஓவில் 0.6 மி.மீ. அவ்வளவு சிறியது. கெட்டியான கிளாஸ் ஜெல் மீடியத்தை, அதாவது பளபளப்பாகக் காயும் அக்ரிலிக் கூழை, தட்டைத் தூரிகையால் மெல்லிசாகப் பூசி, முரட்டு மயிர்த் தூரிகையால் தொட்டுத் தொட்டு எடுங்கள். தூணின் இருபுறமும் இரண்டு கோடு விரிந்து கீழ்நோக்கிப் போகட்டும். ஜெல் வெள்ளையாக இருந்து காயும்போது தெளியும், 2 மி.மீ.க்கு மேல் குவித்தால் நடுவில் வெள்ளை நின்றுவிடும். ஏரிக்கு அலையே வேண்டாம்.

ஏரியில் கவனம் போக வேண்டிய இடம், உபரி நீர் வழிந்து வெளியேறும் கலிங்கல். பட்டர் பேப்பரில் நிறமற்ற சிலிகானைக் கோடு கோடாகப் பிதுக்கி, பல்குச்சியால் மேலிருந்து கீழே இழுத்து, ஒரு நாள் விட்டு உரித்தால் வழியும் தண்ணீர் ஒரு தகடாக வந்துவிடும். சிலிகான்மேல் பெயிண்ட் நிற்காது. நுரைக்கு வெள்ளை கலந்த ஜெல்லைக் கலிங்கலின் அடியிலும் தகட்டின் ஓரங்களிலும் வையுங்கள். சிலிகான் டியூப்பைத் திறந்ததும் காடி நாற்றம் அடித்தால் அதைத் தண்டவாளத்துக்கு அருகே கொண்டுபோகாதீர்கள். அதிலிருந்து வரும் அமிலம் இரும்பையும் பித்தளையையும் அரிக்கும். நியூட்ரல் வகை கேட்டு வாங்குங்கள்.

உப்பனாறு, கடல்

உப்பனாறு போன்ற கழிமுகத்தில் ஓத ஏற்றத்தாழ்வு ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆகவே பாலத் தூணிலும் படகுத்துறைச் சுவரிலும் 8 அல்லது 9 மி.மீ. உயரத்துக்கு மட்டும் ஈரக்கறை: அடியில் கரும்பச்சை, மேல் பாதியில் கொட்டலசு என்ற சிறு ஓட்டுயிர் ஒட்டியதற்கு வெண்சாம்பல் புள்ளிகள். தண்ணீரின் நிறம் சேற்றுச் சாம்பலில் பச்சை. ஃபைபர் படகு 8 முதல் 9 மீட்டர், எச்ஓவில் 10 செ.மீ. அதன் அடியை 4 மி.மீ. தேய்த்தெடுத்துவிட்டு, கடைசி அடுக்குக்கு முன் ஒட்டுங்கள். அப்படியே மேலே வைத்தால் படகு மிதக்காது, உட்கார்ந்திருக்கும். ஒரு முனையில் மட்டும் கட்டி மிதக்கிற படகுகள் எல்லாம் நீரோட்டத்தில் ஒரே பக்கமாகத் திரும்பியிருக்க வேண்டும்.

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையின் கருங்கற்களுக்குத் தேடி அலைய வேண்டாம். கட்டட வேலைக்கு வரும் அரை இன்ச் ஜல்லி எச்ஓவில் ஒரு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட பாறை, அதே கருங்கல். கழுவி ஒட்டி, நீர்த்த கறுப்பை ஒரு முறை ஓடவிட்டால் போதும். கடலுக்கு ரெசின் தேவையே இல்லை. டிஷ்யூ பேப்பரின் இரண்டு அடுக்கைப் பிரித்து ஒன்றை மட்டும் எடுத்து, ஃபெவிகாலும் தண்ணீரும் சரிபாதி கலந்த பசையில் பலகைமேல் ஒட்டி, ஈரமாக இருக்கும்போதே கரைக்கு இணையாகச் சுருக்கங்களை நகர்த்துங்கள். கற்களில் மோதும் ஒரு மீட்டர் அலைக்கு 11 மி.மீ., அங்கே மட்டும் பஞ்சை உள்ளே வைத்து உயர்த்தலாம். இரண்டு நாள் காய்ந்ததும் பெயிண்ட்: கரையோரம் கலங்கிய மண் நிறம், அடுத்து சாம்பல் பச்சை, தொலைவில் மட்டும் கருநீலம். மேலே கிளாஸ் வார்னிஷ் மூன்று பூச்சு. கற்களின் இடுக்கில் வெள்ளை ஜெல்லைத் திணிக்காமல், காய்ந்த தூரிகையில் தொட்டு இழுத்தால் வடிந்து இறங்கும் நுரையாகும்.

தூசி படிந்த தண்ணீர் ஈரமாகத் தெரியாது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை, பிழிந்த மென்தூரிகையால் ஓட்டத்தின் திசையில் துடையுங்கள். ஜன்னல் வெயில் நேரே விழுந்தால் எப்பாக்ஸி ஆண்டுகள் போகப்போக மஞ்சளாகும். அந்தப் பக்கம் ஒரு திரை போட்டுவிடுங்கள்.